ஜீப்புக்காரர் கையில் படகு

கடலில் ஒரு நாளும் வாந்தி எடுத்தவள் இல்லை நான். ஐப்பசி மாசத்துக் கடலில், படகு தூளி மாதிரி ஆடும்போதே எஞ்சினைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள், கல்வராயன் மலை ஏறுகிற வழியில், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆசையாகத் தின்ற பூரிக்கிழங்கு அத்தனையும் போச்சு.

ஜீப்பை ஓட்டி வந்தவர் பெயர் ஜெயராஜ். என் வயசுதான் இருக்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்.

"கடலுல தண்ணி ஆடுது, தாங்கிக்கிறீங்க. இங்க ரோடு ஆடுது. அவ்ளோதாங்க்கா," என்றார்.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறவள் எங்கே திட்டுவது?

நானும் என் வீட்டுக்காரரும் கடலூர் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். படகின் பின்னால் தொங்குமே, அந்தச் சின்ன எஞ்சின்கள்தான் எங்கள் பிழைப்பு. வெள்ளிமலைக்கு அந்தாண்டை, ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் லாட்ஜ் கட்டியிருக்கும் ஒருவர் எங்கிருந்தோ எங்கள் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்காகப் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி விடணுமாம். யாராவது வந்து படகையும் ஓட்டுகிற ஆளையும் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இறக்குவாராம். இல்லையென்றால் ஓட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

நியாயமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குக் கடையில் வேலை கிடந்தது. நான் போகிறேன் என்றேன். கடலூர்க்காரிக்கு மலை என்பது பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. "போய்ட்டு வா. உனக்கு வர்ற கோவத்துக்குக் குளுரு நல்லது," என்று வழியனுப்பி வைத்தார் அவர்.

மதியச் சாப்பாடு வெள்ளிமலையில், ஜெயராஜின் மனைவி ஸ்டெல்லா நடத்தும் மெஸ்ஸில். ஸ்டெல்லாவுக்குப் பிறந்த ஊர் கீழே களமருதூர். அண்ணன் சூசை இன்னும் அங்கே நெல் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டெல்லா இலையில் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு வைத்தார். மலைக்கு வந்த சந்தோஷத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், அடுத்து வந்து விழுந்தது வறுத்த நெத்திலிக் கருவாடு.

"கடலூர்க்காரங்களாச்சே, கருவாடு இல்லாம சோறு எறங்குமான்னு வறுத்தேங்க்கா. எல்லாம் உங்க ஊருலேருந்து வர்றதுதான்," என்றார்.

எங்கள் ஊர் நெத்திலி எனக்கு முன்னாலேயே மலை ஏறி வந்து, வாந்தி எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறது. சாமைச் சோறு தொண்டையில் அரிசி மாதிரி வழுக்கவில்லை, கொஞ்சம் மென்று தின்னச் சொல்கிறது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். காலியான வயிறு வேறு.

கை கழுவப் போனபோது ஸ்டெல்லா பின்னாலேயே வந்தார். புருஷன் ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் குடும்பம் வருதுங்க. மொத சவாரி நம்ம சனந்தான்னு இவரு சொல்லி வச்சிட்டாரு. நானும் ஏறணுமாம். ஜீப்புன்னா நான் கண்ண மூடிக்கினு ஏறுவேன். எத்தினி வருசமா ஓட்றாரு, ஒரு கீறலு இல்ல. தண்ணி வேற ஆச்சே. எங்க ஊரு ஏரில முட்டி வரைக்குந்தான் தண்ணி, அதுலயே நான் எறங்க மாட்டேன். நெசத்த சொல்லுங்க, இவரு ஓட்டுனா நான் ஏறலாமா?"

படகைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. ஜெயராஜ் சொந்த ஜீப்பை விற்றுவிட்டு இந்த லாட்ஜ் வேலையை நம்பி வந்திருக்கிறார் என்பதையும் அங்கேயே சொல்லி வைத்தார். லாட்ஜின் ஜீப்பும் படகும் அவர் பொறுப்பு. படகு போனால் வேலையும் போகும். நான் பாட்டுக்கு மலை பார்க்க வந்தவள், என் வாயில் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் உயிரும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடியும் முன்னே குளிரில் விழித்துக்கொண்டேன். லாட்ஜ் கம்பளிக்குள் சுருண்டு படுத்து, கடலூரில் இந்நேரம் ஃபேனைக் கூட்டி வைத்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, கரைப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம். சத்தத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீரில் ஓடுகிற எஞ்சின் முனகும். இது அலறியது. செருப்புப் போடாமல் ஓடினேன்.

படகு கரையில், மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தது. எஞ்சின் வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயராஜ் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, மாட்டைத் தடவுகிற மாதிரி எஞ்சின் மூடியில் கை வைத்து நின்றிருந்தார்.

"நிறுத்துங்க. மொதல்ல நிறுத்துங்க அத," என்று கத்தினேன்.

நிறுத்தினார். "சூடு பண்றேங்க்கா. குளுருல டக்குனு ஸ்டார்ட் ஆவாது பாருங்க."

"எத்தினி நாளா சூடு பண்றீங்க?"

"எஞ்சின் வந்ததுலேருந்து. தெனமும் காலீல," என்றார், ஒரு பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மலையில் ஜீப்புக்காரர்கள் பல் விளக்குவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றுவார்களாம். ஒரு வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால், ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜீப்புக்குள் ரேடியேட்டர் இருக்கிறது. படகு எஞ்சினுக்கு அது கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குடித்து, உடம்பைக் குளிர்த்திக்கொண்டு, பின்னால் ஒரு ஓட்டை வழியாகப் பீய்ச்சி விடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், அதை உறிஞ்சுகிற ரப்பர் சக்கரம் கருகிப் போகும்.

அடிப்பாகத்தைக் கழற்றிக் காட்டினேன். சக்கரத்தில் இதழ் என்று ஒன்று மிச்சம் இல்லை. மிளகாய் வற்றல் மாதிரி தூள் தூளாக உள்ளங்கையில் கொட்டியது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை எஞ்சினில், மறு முனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். அதைச் சுருட்டி, கட்டுக்கம்பி போட்டு இறுக்கி வைத்திருந்தார் மனுஷன்.

"தொங்கிக்கினு இருந்துது. அசிங்கமா இருக்குதேன்னு கட்டிட்டேன்," என்றார்.

அதற்கு மேல் நான் பேசியதை எழுத முடியாது. ஜெயராஜ் என் கையில் இருந்த ரப்பர் தூளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா பண்ணணும் இப்ப?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

புதுச் சக்கரம் கொண்டு வராமல் வந்தது என் தப்பு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சக்கரத்தைப் பேப்பரில் சுற்றி, சணல் கட்டி, 'ஜெயராஜ், கள்ளக்குறிச்சி' என்று போன் நம்பரோடு எழுதி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினார். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணாடி வரைக்கும் இப்படித்தான் போகும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்தால் ஜெயராஜ் போய் எடுத்து வர வேண்டியதுதான். ஆனால் கண்டக்டர் அந்த நேரம் பார்த்து யாருடனோ சில்லறைச் சண்டையில் இருந்திருக்கிறார். பொட்டலம் கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் சேலம் ரோட்டில் போய்விட்டது. சின்னசேலத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்து, பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போன் பண்ணினார்.

நானும் கூட வருகிறேன் என்று ஜீப்பில் ஏறினேன். முன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டெல்லா கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனதில் வயிறு அடங்கியிருந்தது. அன்றைக்குத்தான் ஜெயராஜ் ஓட்டுவதை ஒழுங்காகப் பார்த்தேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே பிடித்து இறக்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். எதிரே பஸ் வந்தால் முன்னாலேயே ஒதுங்கி நின்றார். இத்தனை பொறுமை உள்ள கை, படகையும் ஓட்டிவிடும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சின்னசேலத்தில் ரோட்டோரம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடையில் என் பொட்டலத்தை மேசைமேல் வைத்து, இரண்டு பேர் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மிக்சி சாமான் என்றார். இன்னொருவர் பம்புசெட்டுக்குப் போடுவது என்றார்.

"படகுக்குன்னு சொன்னாரு கண்டக்டரு," என்றார் டீக்கடைக்காரர். "குடிக்கவே தண்ணி லாரில வருது, இங்க ஏதுடா படகுன்னு நான் நம்பவே இல்லீங்க." படகுக்குத்தான் என்று நான் சொன்ன பிறகும் அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. டீ மட்டும் அருமையாகப் போட்டார்.

திரும்பி மலை ஏறும்போதுதான் கூத்து. அடிவாரத்தில் ஒரு பெண் பலாப்பழத்தோடு நின்றார். ஜெயராஜ் நிறுத்தினார். கொஞ்ச தூரத்தில் பெரியவர் ஒருவர், அவர் சம்சாரம், கூடையில் கோழி. நிறுத்தினார். அப்புறம் மண்வெட்டியோடு ஆறேழு பேர். அவர்களுக்காகவும் நிறுத்தினார். உள்ளே இடம் இல்லை என்றால் பின்னால் தொங்கினார்கள். பலாப்பழம் என் மடிக்கு வந்துவிட்டது. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கியது. ஜெயராஜ் ஒரு குரல் கொடுத்தார். தொங்கினவர்களில் இரண்டு பேர் குதித்து ஓடி வந்து, முன் பம்பரில் ஏறி நின்றுகொண்டார்கள். மூக்கு இறங்கியது, ஜீப் சாதுவாக ஏறியது. எனக்குச் சிரிப்பும் பயமுமாக வந்தது.

"இது லாட்ஜ் வண்டியாச்சே, ஏன் எல்லாரையும் ஏத்துறீங்க?" என்று கேட்டேன்.

"மலையில ஆள வுட்டுட்டு வர்ற பழக்கம் இல்லீங்க்கா. அடுத்த வண்டி எப்ப வரும்னு தெரியாது. வுட்டுட்டு வந்தா அவங்க வூட்டுக்கு நடந்துதான் போவணும். எடமில்லன்னு சொல்ற டிரைவரோட வூட்ல ஒரு நல்லது கெட்டதுக்கு ஆளு வருமா சொல்லுங்க?"

சரியாகத்தான் பேசினார். பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்த எனக்கு அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சக்கரத்தை மாட்டினோம். பெட்ரோல் டேங்கைப் படகில் வைத்து நிரப்பக் கூடாது, கரையில் இறக்கி வைத்து நிரப்பிவிட்டு, வாசனை போன பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்பதை ஒருமுறை சொன்னதுமே பிடித்துக்கொண்டார். படகைத் தண்ணீரில் இறக்கி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். பின்னாலிருந்து தண்ணீர் கம்பி மாதிரி பீய்ச்சியது. ஜெயராஜ் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். இந்தக் கம்பி நின்றால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றேன்.

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டதற்கு லாட்ஜ் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனார். ஆறு ஜாக்கெட்டும் வந்த பிளாஸ்டிக் கவரோடு ஆணியில் தொங்கின. அழுக்காகிவிடும் என்று பிரிக்கவில்லையாம். ஆறு கவரையும் நானே கிழித்தேன். "ஓட்டுற உங்களுக்கு ஒண்ணு, ஏறுறவங்களுக்கு அஞ்சு. ஜாக்கெட்டு தீந்துதுன்னா சீட்டு தீந்துது. அதுக்கு மேல ஒரு கொழந்தகூட ஏறக் கூடாது," என்றேன். சரிங்க்கா என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க்கா என்பார்.

மத்தியானம் சாப்பிட்டதும் ஆள் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஜெயராஜ் தயங்கினார். மதியத்துக்கு மேல் இரண்டு மலைக்கு நடுவில் இருந்து காற்று இறங்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாமே என்றார். கடல் காற்றைப் பார்த்தவளிடம் ஏரிக் காற்றைக் காட்டுகிறீர்களா என்று வாயடித்தேன். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஜீப் ஸ்டாண்டிலிருந்து அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் ஏறினார்கள். எல்லோருக்கும் ஜாக்கெட். சிவப்புக் கயிறு ஜெயராஜ் மணிக்கட்டில். நான் அவர் பக்கத்தில். கரையில் ஸ்டெல்லா வந்து நின்றிருந்தார். நடு ஏரிக்குப் போகும்வரை நன்றாகத்தான் போச்சு. அங்கே அந்தக் காற்று எங்களைப் பிடித்தது. கடல் அலை நீளமாக, சொல்லிவிட்டு வரும். இது குட்டையாக, நாலா பக்கமும் குத்தியது. பயத்தில் ஜெயராஜ் எஞ்சின் பிடியை ஒரே முறுக்காக முறுக்கிவிட்டார். படகின் மூக்கு விருட்டென்று தூக்கியது. எந்தச் சின்னப் படகும் அப்படித்தான் தூக்கும், பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் தானாக இறங்கிவிடும்.

ஜெயராஜ் என்ன செய்தார் தெரியுமா? மலை ஏற்றத்தில் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார். "ரெண்டு பேரு முன்னால ஏறுங்கடா."

கூட்டாளிகளும் ஜீப்புக்காரர்கள்தானே. கேள்வி கேட்பார்களா? இரண்டு பேர் எழுந்து ஓடி, படகு மூக்கில் ஏறி நின்றார்கள். அதே நேரம் ஜெயராஜ் பயந்துபோய் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்தார். தூக்கியிருந்த மூக்கு தொப்பென்று இறங்கி, எதிரே வந்த அலைக்குள் புகுந்தது. குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. முன்னால் நின்றவர்களில் செல்வம் என்கிறவர் தண்ணீரில் விழுந்து, படகின் பக்கவாட்டில் எஞ்சினை நோக்கியே வந்தார். எஞ்சினுக்கு அடியில் விசிறி மாதிரி ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஜெயராஜ் கையிலிருந்த சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் செத்தது. செல்வத்தின் கால் ப்ரொப்பல்லரில் உரசி நின்றது. நகத்தில்கூடக் காயம் இல்லை.

நீச்சல் தெரியாத மனுஷன் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்தார். அவரைப் படகுக்குள் தூக்கிப் போட்டு, தண்ணீரை இறைத்து, மெதுவாகக் கரை சேர்ந்தோம். எனக்குத் திட்டவும் வரவில்லை. அந்தக் காற்றில் போகலாம் என்று சொன்னதே நான்தானே. கரையில் ஸ்டெல்லாவைக் காணோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் களியும் கீரையும் போட்டார். ஜெயராஜ் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார். ஸ்டெல்லா என் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணனுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடட்டுமாக்கா?"

"காலைல சொல்றேன்."

"எப்பக் கேட்டாலும் அப்றம் சொல்றேன்னுதான் சொல்றீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற மாதிரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெயராஜ் கரையில் காத்துக்கொண்டிருந்தார். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வேகத்தை மெல்லக் கூட்டி மெல்லக் குறைப்பது, மூக்கு தூக்கினால் ஆளை நகர்த்தாமல் பிடியைத் தளர்த்துவது, கரைக்கு வரும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வருவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீருக்கடியில் பட்ட மரங்கள் நிற்கிற இடங்களில் மூங்கில் நட்டுத் துணி கட்டினோம். அந்த இடங்கள் எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். மதியத்துக்கு மேல் படகு போகாது என்று அவரே ஒரு சட்டம் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஜீப்பில் பார்த்த அந்தப் பொறுமையான கை கொஞ்சம் கொஞ்சமாகப் படகுக்கும் வந்தது.

கடைசியில் கரையில் இறங்கியபோது சொன்னேன். "ஓட்ட வந்துடுச்சு உங்களுக்கு. ஒண்ணுதான் பாக்கி. எடமில்லன்னு சொல்லி ஒரு ஆள எறக்கி வுட வருமா?"

அவர் சரிங்க்கா என்று சொல்லவில்லை. படகை முளைக்குச்சியில் கட்டிவிட்டுச் சர்ச்சுக்குப் போய்விட்டார். லாட்ஜ்காரர் போன் பண்ணினார். முதல் சவாரியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சர்ச் முடிந்து, களமருதூர் வேன் வந்தது. சூசை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கினார். நல்ல உயரம், கணீரென்ற குரல். கூடவே அவர் மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மருமகன். ஆக ஐந்து பேர். கரெக்டாக இருக்கிறதே என்று நான் கொஞ்சம் நிம்மதியானேன். ஐந்து பேருக்கும் ஜெயராஜ் தன் கையாலேயே ஜாக்கெட் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, இடம் காட்டி உட்கார வைத்தார். தானும் போட்டுக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

அப்போது மேட்டிலிருந்து ஸ்டெல்லா இறங்கி வந்தார். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப் புடவை. முகம் வெளுத்திருந்தது. நேராக வந்து படகின் ஓரத்தைப் பிடித்தார். "எங்க சனம் போவுது. நான் கரைல நின்னுக்கினு பாக்க முடியாது. இன்னா ஆனாலும் ஒண்ணா ஆவட்டும். நானும் வரேன்," என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

படகே கொண்டாடியது. "ஏறு தங்கச்சி, ஏறு. சின்னவள நான் மடில வச்சிக்கிறேன்," என்றார் சூசை. "ஜீப்புல இருவது பேர ஏத்துனவரு எங்க மாப்ள. சொந்தப் பொண்டாட்டிக்கா எடமில்லாம பூடும்?"

ஜெயராஜ் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்கும், ஆனால் அது என் பேச்சாகப் போயிருக்கும். நாளைக்கு இங்கே நான் இருக்க மாட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். "ஸ்டெல்லா, எறங்கு," என்றார்.

சிரிப்பெல்லாம் நின்றுபோனது. ஸ்டெல்லா புரியாமல் பார்த்தார்.

"எறங்கும்மா. ஜாக்கெட்டு இல்ல."

"இன்னா மாப்ள இது?" சூசையின் குரல் மாறிவிட்டது. "நாங்க ஒக்காந்திருக்கிறப்பவே எங்க வூட்டுப் பொண்ண எறக்கி வுடுவியா? அவளே எறங்கிட்டா அப்பறம் நான் இன்னாத்துக்கு? நானும் எறங்குறேன்."

"எறங்குறதுன்னா எறங்குங்க மச்சான்," என்றார் ஜெயராஜ். "ஜாக்கெட்ட கழட்டிக் குடுத்துட்டு எறங்குங்க. அவ போட்டுக்கினு ஒக்காரட்டும். ஏழு பேர வச்சிக்கினு நான் எடுக்க மாட்டேன். நீங்க வேன்ல ஏறி ஊருக்குப் போனாலும் சரி, நாளைக்கு எங்க வூட்டு வாசப்படி மிதிக்கலன்னாலும் சரி."

சூசை எழுந்தவர் எழுந்தபடி நின்றார். படகு ஆடியது. "மொதல்ல ஒக்காருங்க மச்சான், நிக்கக் கூடாது," என்றார் ஜெயராஜ் அதே குரலில். சூசை உட்கார்ந்தார். மகள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸ்டெல்லா இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். படகு கிளம்பியது. மூக்கு லேசாகத் தூக்கி, தானாக இறங்கியது. மூங்கில் துணிகளை ஒதுக்கிக்கொண்டு, ஏரியை ஒரு நிதானமான வட்டம் அடித்தது. ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவமானமோ என்று நினைத்து நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"அட, அதில்லக்கா," என்றார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க அண்ணன் பேச்ச இவரு தட்டுனதே இல்ல. ரோட்டுல கைய நீட்டுன ஒருத்தர வுட்டுட்டு வந்ததில்ல. என்னப் போயி எறக்கி வுட்டாரே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

படகு திரும்பி வந்து கரையை மெல்லத் தொட்டது. எல்லோரும் இறங்கினார்கள். சூசை கடைசியாக இறங்கினார். ஜாக்கெட்டைக் கழற்றினார், நேராகத் தங்கச்சியிடம் வந்தார். பட்டுப் புடவைக்கு மேலே அவரே அதை மாட்டிவிட்டு, ஜெயராஜ் செய்த மாதிரியே வாரை இழுத்துப் பார்த்தார். ஸ்டெல்லா படகில் ஏறினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே, "ம், எடுங்க," என்றார்.